அசல் எதற்கு?

எங்கள் நாளிதழுக்கு இருபத்தைந்து வயது நிறைவதை முன்னிட்டு வெள்ளிவிழா மலர் வெளியிடுவதென முதலாளி தீர்மானித்தார். மலர் பேர் வாங்கினால் பத்திரிகை தொடரும். இல்லையென்றால் கட்டடத்தை உடற்பயிற்சிக் கூடத்துக்கு வாடகைக்கு விடப்போவதாகவும் சொன்னார். ஒருவர் டேப்புடன் வந்து என் மேஜை இருந்த இடத்தை அளந்துவிட்டும் போனார்.

மலருக்கான சரக்கு, நான் ஆரம்பத்திலிருந்து எழுதிவந்த ஊர்ப் பத்திகள். எல்லாம் கணினியில் இருந்தன. கணினிதான் வந்துவிட்டதே என்று, அச்சான பழைய இதழ்களை எப்போதோ எடைக்குப் போட்டிருந்தோம்.

அப்போது எங்கள் அலுவலகத்தில், கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸ் மீது மோகம். கொண்டுவந்தவர் ஆசிரியரின் மைத்துனர். சட்டையில் எப்போதும் அதன் சின்னமான பென்குயின் படம் இருப்பதால் அதுவே அவர் பெயர். டியூப்லைட் மாற்றத் தெரியாதவர்களெல்லாம் டீ வேளையில் மென்பொருள் சுதந்திரம் பேசினோம். நானும் அதைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். முதலாவது எனக்கே பாதி புரிந்தது.

நகலெடுக்கும் மென்பொருளும் இலவசம். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் விடாதவர்கள் நாங்கள், இதை விடுவோமா? அது தினமும் ராத்திரி எங்கள் கோப்புகளை இன்னொரு வன்தட்டில் நகலெடுக்கும். காலையில், "நகல் எடுக்கப்பட்டது. பிழை ஏதுமில்லை" என்று அறிக்கை தரும். ஆசிரியர் அதை அச்செடுத்து, கையெழுத்திட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டச் செய்வார்.

மலர் வேலை தொடங்கும் நேரம் பார்த்துக் கணினியில் இடம் தீர்ந்தது. உயர்மட்டக் குழு கூடியது. அனுபவஸ்தன் என்பதால் தலைமை எனக்கு.

"நகல் பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் தவறினது இல்ல சார்," என்றார் பென்குயின்.

"அப்புறம் அசல் எதுக்கு?"

ஆசிரியர், இதற்குத்தான் வயதானவர் ஒருவர் வேண்டும் என்றார். பக்கம் வடிவமைக்கும் அக்கா மட்டும், "டூப்ளிகேட் சாவி போட்டதும் யாராவது அசல் சாவியைக் கிணத்துல போடுவாங்களா?" என்று கேட்டார். அன்னாரின் கருத்து மதிப்புடன் பதிவுசெய்யப்பட்டது, அதாவது தள்ளப்பட்டது. டீ ஆறுகிறதே என்று அவரும் கையெழுத்திட்டார். மேற்படி தீர்மானத்தின்படி, அன்று மாலையே அசல் அழிக்கப்பட்டது.

மறுநாள் காலை அறிக்கை வந்தது. நகல் எடுக்கப்பட்டது, பிழை ஏதுமில்லை. ஆசிரியர் கையெழுத்திட்டார்.

பத்திகளை எடுக்கப் போன அக்கா திரும்பி வந்து, உள்ளே ஒன்றுமே இல்லை என்றார்.

"சாஃப்ட்வேர் மேல தப்பு இல்ல அத்தான்," என்றார் பென்குயின் ஆசிரியரிடம். "அசல் எப்படியோ நகலும் அப்படி. அசல்ல ஒண்ணும் இல்ல, அதனால நகல்லயும் ஒண்ணும் இல்லாம பண்ணிடுச்சு. பழைய நகலையும் சேத்து வைக்கிற வசதி அதுல இருக்கு. இடத்தை அடைக்குமேன்னு நான்தான் நிறுத்தி வெச்சேன்."

டேப்காரர் மறுபடி வந்து, சுவரில் கண்ணாடி பதிக்க அளவெடுத்தார். நினைவிலிருந்து எழுதப் பார்த்தேன். என் எழுத்து எனக்கே நினைவில் நிற்கவில்லை. கடைசியில், மேஜையில் கிடந்த போன வாரத்து இதழ்களிலிருந்து என் பத்திகளை எடுத்து, தலைப்பில் வருடத்தை மட்டும் மாற்றினேன். பேருந்து நிலையத்தில் உடைந்த குடிநீர்க் குழாய், ஆறே மாதத்தில் முடியவிருக்கும் மேம்பாலம், நகராட்சி மின்தூக்கியில் தொங்கும் "பழுது" அட்டை. எதையும் தொடவேண்டியிருக்கவில்லை. நகராட்சித் தலைவர் பெயரை மாற்றப் போனால், அப்போதைய தலைவர் அவருடைய அப்பா, குடும்பப் பட்டப்பெயர் ஒன்றே. தலைப்பெழுத்தை மாற்றியதே போதுமானதாக இருந்தது.

மலர் விற்றுத் தீர்ந்தது. முதலாளி கண் கலங்கி, இதையெல்லாம் எப்படி இத்தனை வருஷம் அழியாமல் காப்பாற்றினீர்கள் என்று கேட்டார். நாங்கள் எங்கே காப்பாற்றினோம்? நகராட்சி அல்லவா அசலைத் தெருவிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறது, அதுவும் இலவசமாக.

பத்திரிகை பிழைத்தது. பாராட்டுக் கடிதங்கள் குவிந்தன. அவற்றில் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள், ஆசிரியர் கையெழுத்துடன்.

"அந்தக் காலத்து எழுத்து எழுத்துதான். இதே ஆள் போன வாரம் எழுதியதையும் படித்தேன். பாவம், சரக்கு தீர்ந்துவிட்டது."