கோமதி வரவில்லை

ஊனமுற்றோருக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம், அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்கிறது. யார் யார் ஊனமுற்றோர் என்று பட்டியலும் போடுகிறது. அதில் திக்குவாய் கிடையாது. (இரண்டு முறை தேடினேன்.) ஆகவே இந்தக் கதையில் வரும் முட்டாளுக்கு, அதாவது அன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்வித்துறைக் கண்காணிப்பாளராக இருந்த எனக்கு, பயிற்சி எதுவும் கிடைத்திருக்க வாய்ப்பில்லை.

சட்டம் வந்து ஓராண்டு இருக்கும். ராஜபாளையத்துப் பள்ளி ஒன்றிலிருந்து தாள் வந்தது: பத்தாம் வகுப்பு கோமதிக்கு வருகை நாட்கள் போதவில்லை, பொதுத்தேர்வு எழுத முடியாது. அவள் அம்மாவோ, மகள் ஒருநாள்கூட மட்டம் போட்டதில்லை என்று மனுக் கொடுத்திருந்தாள். விசாரிக்கப் பஸ் ஏறினேன்.

வகுப்பாசிரியர் பதிவேட்டோடு நின்றார்.

"அறுபது பேரு சார். பேரு கூப்பிட்டா 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும். இந்தப் பிள்ளை 'உ'வ முடிக்கதுக்குள்ள நான் நாலு பேரத் தாண்டிருதேன். ஆப்சென்ட் விழுந்திருது."

"பிறகு திருத்த வேண்டியதுதானே?"

"பதிவேட்டுல அடித்தல் திருத்தல் கூடாதுன்னு நீங்கதான சார் சர்க்குலர் விட்டிய?"

(விட்டேன். அடிக்கோடிட்டு விட்டேன்.)

வெட்கத்தை மறைக்க விசாரணையைத் தொடங்கினேன். முறைப்படி வாய்மொழி வாக்குமூலம் வேண்டும். ஆம், திக்குவாய்ப் பெண்ணிடம்.

"பள்ளிக்கூடத்துக்கு வந்தியா, வரலையா?"

"வ... வ... வ..."

எனக்கு நாலு மணிக்குப் பஸ். உதவும் குணம் வேறு. "வரலை. அதானே?" என்று முடித்துக் கொடுத்தேன். 'வரவில்லை என மாணவி ஒப்புக்கொண்டார்' என்று முத்து முத்தாக எழுதியும் விட்டேன்.

வாசலில் நின்ற அம்மா உள்ளே வந்துவிட்டாள். மில் ஷிப்டு முடிந்து நேரே வந்தவள், தலையெல்லாம் பஞ்சு.

"செத்த நேரம் பொறுக்க மாட்டியளா சார்? அவ 'வந்தேன்'னு சொல்லுதா! ரெண்டுக்கும் 'வ'தான முதல்ல வருது? ஏட்டி, நீ எழுதிக் காட்டுட்டி!"

கோமதி என் பேனாவை வாங்கினாள். (கேட்கவில்லை, வாங்கினாள்.) என் வாக்கியத்தை ஒரே கோட்டில் அடித்துவிட்டுக் கீழே எழுதினாள்: 'தினமும் வந்தேன். யாரும் இருந்து கேட்கவில்லை.'

வகுப்பாசிரியர் என்னைப் பார்த்தார். அந்த அடித்தலுக்குப் பக்கத்தில் நான் சுருக்கொப்பம் இட்டேன்.

பிறர் வாக்கியத்தை முடித்துக் கொடுப்பது மரியாதை என்றே அதுவரை நினைத்திருந்தேன். அது அவசரம் மட்டுமே என்பது நாலு மணி பஸ்ஸைத் தவறவிட்ட பிறகுதான் புரிந்தது.

மேலிடத்துக்கு எழுதினேன்: இம்மாணவியைத் தேர்வெழுத விடலாமா? இத்தகைய பிள்ளைகளைக் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சி உண்டா? பதிலுக்கு முன் தேர்வு வந்துவிட்டது. 'உத்தரவை எதிர்நோக்கி அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அதற்கு எனக்கு அதிகாரம் இல்லை. நல்லவேளை, அந்த விதி அலுவலகத்தில் எனக்கு மட்டுமே தெரியும். வேறு யாருக்காவது தெரிந்திருந்தால் என் வேலை போயிருக்கும். கோமதி தேர்வெழுதினாள், தேறினாள்.

இன்றும் நான் யார் பேச்சிலாவது குறுக்கே புகுந்தால், "ஆமா, வரலைன்னு எழுதிக்கோங்க" என்பாள் என் மனைவி. வந்த விருந்தாளிக்கு முழுக்கதையையும் சொல்லாமல் காப்பி தரமாட்டாள்.

மேலிடத்துப் பதிலும் வந்தது: 'ஆசிரியர் பயிற்சி குறித்துப் பின்னர் பரிசீலிக்கப்படும். மாணவியை இவ்வாண்டுத் தேர்வெழுத அனுமதிக்க வேண்டாம்.' கோமதி பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. தபால் பெற்ற தேதி: ஜூலை 9.