நாத்தனாரை வெட்டினேன், கை தங்கிவிட்டது

"ஆளை வெட்டிட்டு கையை மட்டும் வச்சிருக்கீங்களே அண்ணி, நான் என்ன ஆட்டுக்காலா?"

மேடவாக்கத்திலிருந்து போனில் என் நாத்தனார் சாந்தி. என் காபி ஆறிக்கொண்டிருந்தது.

நான் செய்யப்போனது ஒரே வேலை. வீட்டுக்காரரின் அறுபதாம் கல்யாணப் பத்திரிகைக்கு, அவர் பட்டுவேட்டியில் சிரிக்கிற மாதிரி ஒரு படம். மனுஷன் ஸ்டூடியோவுக்கு வர மாட்டார். வந்தாலும் சிரிக்க மாட்டார்.

"அப்பாவோட இருபது போட்டோ குடும்மா. ஏஐக்கு அவர் முகத்தைப் பழக்கிட்டா, எந்த டிரெஸ்ல கேட்டாலும் படம் தரும்" என்றாள் மகள் வர்ஷா. "ஆனா அவர் மட்டும்தான் இருக்கணும்."

அங்கேதான் சிக்கல். பீர்க்கன்கரணையில் கிரகப்பிரவேசமோ வண்டலூரில் வளைகாப்போ, கேமராவைக் கண்டால் சாந்தி ஓடிவந்து அண்ணன் தோளில் கை போட்டுவிடுவாள். கட்டிக்கொண்ட நான் தாம்பூலப் பையோடு ஓரத்தில் நிற்பேன்.

ஆகவே இருபதிலும் அவளை வெட்டினேன். உள்ளதைச் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் வெட்டினேன். கையை மட்டும் விட்டுவிட்டேன். அதை வெட்டினால் அவர் தோளும் போய்விடும். கைதானே, யார் பார்க்கப் போறா என்றது கான்வென்ட்டில் படித்த என் மூளை.

ஏஐ பார்த்தது. இந்த மனுஷன் பிறந்ததே தோளில் ஒரு கையோடுதான் என்று முடிவு கட்டிவிட்டது.

பட்டுவேட்டியில் கேட்டோம். வந்தார், சிரித்தார். மறுபடி கட்டிக்கலாம் போலத்தான் இருந்தார். அந்தப் பூரிப்பில் கண்ணாடிகூடப் போடாமல் குடும்ப குரூப்பில் அனுப்பிவிட்டேன்.

"அம்மா, அப்பா தோள்ல யாரு அது?"

கண்ணாடியைப் போட்டேன். பச்சைக்கல் வளையலோடு ஒரு கை. பின்னால் ஆள் இல்லை.

"கோட் சூட்ல கேளுடி."

கோட் மேல் கை.

"குதிரை மேல கேளு."

குதிரையில் அவர், அவர் மேல் கை.

அதற்குள்தான் சாந்தியின் போன். "அது எங்கம்மா எனக்குப் போட்ட வளையல் அண்ணி. கை மட்டும் போதும்னா, மூணாவது முடிச்சையும் அந்தக் கையையே போடச் சொல்லுங்க. நான் வரலை."

மறுபடி தாலி கட்டும்போது மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடணும். எனக்கு இருப்பது ஒரே நாத்தனார்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "படம் நல்லாத்தானே இருக்கு. அவ கை எனக்குப் பழக்கம்தான்."

"சாந்தி, பத்திரிகையில உன்னையும் சேர்த்தே போட்டுடறேம்மா" என்றேன் போனில்.

"முழுசா. கால் வரைக்கும். நீங்க வெட்டின போட்டோவுலேர்ந்தே."

"அத்தைக்கும் இருபது வேணும்மா" என்றாள் வர்ஷா.

போனைத் திறந்தேன். வெட்டினதை எல்லாம் பழைய படத்தின் மேலேயே சேவ் பண்ணித் தொலைத்திருக்கிறேன். முழு சாந்தி ஒன்றுகூட இல்லை.

குரூப்பில் கேட்டேன். எல்லோரும் பார்த்தாச்சு, முதலில் பார்த்தது சாந்தி. ஒருத்தரும் ஒரு படம்கூட அனுப்பவில்லை. இன்று காலை மறுபடி போட்டிருக்கிறேன்:

"சாந்தியின் போட்டோ, கையோடு ஆளும் சேர்ந்து இருப்பது, யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து அனுப்பவும்."