வாய்க்காலில் நாற்காலி போட்ட ‘தலைநகர்’

தலைநகரங்களை ராஜாக்கள் கட்டியிருக்கிறார்கள், சர்க்கார்கள் கட்டியிருக்கின்றன. ஆனால் ஒரு தலைநகரையே தான்தான் கட்டியதாக நம்பிக்கொண்டு மன்னார்குடியில் ரேஷன் வாங்கிய மனிதர், எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். மலேசியாவில் புத்ராஜெயா என்ற புதுத் தலைநகர் உருவானபோது அங்கே சர்வேயருக்கு அளவுகோல் பிடித்தவர். ஊர் திரும்பி எங்கள் தெருவில் குடியேறிய மறுவாரமே ‘தலைநகர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் தெரு, வயலை மனையாக்கிப் போட்ட தெரு. அதையும் அவர் விட்டுவைக்கவில்லை. கவுன்சிலர் வீடு பிரதமர் அலுவலகம். இஸ்திரி வண்டி நிதி அமைச்சகம். எங்கள் வீடு பாதுகாப்புத் துறை. காரணம் என் மனைவியின் வாய். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான். தலைநகரின் பாடம் ஒன்றேதான்: முதலில் தண்ணீருக்கு வழி, அப்புறம் ரோடு, கடைசியில்தான் மனுஷன். புத்ராஜெயாவில், ஊரே இல்லாத தோட்டக்காட்டில் நாங்கள் முதலில் ஏரிதான் வெட்டினோம் என்று பால்காரரைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்வார்.

வினை என் கார் ரூபத்தில் வந்தது. அதை நிறுத்த இடமில்லை. வீட்டை ஒட்டிய வடிகால் வாய்க்காலைத் தூர்த்துவிடலாம் என்று டிப்பரில் மண் வரவழைத்தேன். மனிதர் பிளாஸ்டிக் நாற்காலியை வாய்க்காலுக்குள் போட்டு, குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் பேப்பரைத் திருப்பினார். மத்தியானம் தூக்குச்சட்டியில் சாப்பாடும் வந்து சேர்ந்தது.

“இது என்ன உங்க எடமா?” என்று கத்தினேன்.

“தண்ணியோட எடங்க.”

மண் திரும்பிப் போயிற்று. கிறுக்கு மனுஷன் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஐப்பசியில் பிடித்தது மழை. என் மகள் பிரசவமாகி, பதினோரு நாள் குழந்தையோடு வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் விடியற்காலையில், பின்தெருவில் இடுப்பளவு தண்ணீர் என்று போன் வந்தது. எங்கள் வாசலில் இரண்டு படி முங்கியிருந்தது. மூன்றாவதும் முங்கினால் கூடம்தான். ஆட்டோ எதுவும் வராது. பச்சை உடம்புக்காரியை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவேன்? அரைமணி நேரம் கழித்துக் கதவைத் திறந்து பார்த்தால், இரண்டாவது படி வெளியே தெரிந்தது. தண்ணீர் வடிகிறது! அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் பார்த்தேன். வாய்க்கால் முனையில் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அடைத்துக்கொண்டிருந்த ஆகாயத்தாமரையையும் பாலிதீன் பைகளையும் வாரி வாரிக் கரையில் எறிந்துகொண்டிருந்தார் தலைநகர்.

“இந்த வயசுல இது ஏங்க உங்களுக்கு?” என்றேன்.

“பச்சப்புள்ள இருக்குற வீடுங்க” என்றார், நிமிராமலே.

கைபிடித்துக் கரையேற்றி வீட்டுக்குள் கூட்டி வந்தேன். தலை துவட்டத் துண்டும், மாற்றிக்கொள்ள என் வேட்டியும் கொடுத்து, பேத்தியை அவர் மடியில் படுக்கவைத்தேன். ஏரி, ரோடு என்று எதுவும் பேசாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து போய்விடக் கூடாதே என்று எனக்கு இருந்தது.