“எந்த விலக்கு பாப்பா?”

சேசு மரி சூசை துணை

திருவாதவூர் விலக்கு,
சனிக்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க ஜெய்சன் சித்தப்பாவுக்கு, அண்ணன் மகள் ஐரின் எழுதுவது. அணுமின் நிலையத்தில் தாங்களும், குவார்ட்டர்ஸில் சித்தியும் தம்பியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் டீக்கடை தவிர.

காலையில் கடைக்கு வருகிறவர்களுக்கு நான் பேப்பர் வாசித்துச் சொல்வேன். திங்களன்று ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தி. வெளிநாட்டில் ஓர் அணுமின் நிலையம், எரிந்து தீர்ந்த எரிபொருளைத் தன் வளாகத்திலேயே கான்கிரீட் கலங்களில் அடைத்து வைக்கிறதாம். அந்தக் கலங்களுக்குள்ள நிபந்தனைகளில் ஒன்றிலிருந்து மட்டும் அந்த நிலையத்துக்கு அந்நாட்டு அரசு தற்காலிக விலக்கு அளித்திருக்கிறதாம். நான் கலங்களைப் பற்றி விளக்கிவிட்டு, “அணு எரிபொருளை வைக்க விலக்கு கொடுத்தாச்சு” என்று உரக்க முடித்தேன். பால்காரர் சின்னான் அண்ணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

“எந்த விலக்கு பாப்பா?”

இவ்வளவு ஆர்வமாகக் கேட்கிறாரே என்று மகிழ்ந்து, “தற்காலிக விலக்குதாண்ணே” என்றேன். மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரிகிற பஸ் நிறுத்தத்தையும் நாம் விலக்கு என்றுதான் சொல்கிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை, சித்தப்பா.

“இம்புட்டு ரோடு கெடக்க, நம்ம விலக்குதான் கெடச்சுச்சா அவய்ங்களுக்கு?” என்று அவர் எழுந்துவிட்டார். பாலம் வேலைக்காகக் கடைக்கு எதிரே இறக்கியிருந்த சிமெண்டுக் குழாய்களை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வயல்வழியே நடக்கிறார்கள், கண்டக்டர் “அணு விலக்கெல்லாம் எறங்கு” என்று கத்துகிறார், அப்பா போட்ட டீயை அப்பாவே குடித்துவிட்டு “தாயி, இனிமே ராசிபலன் மட்டும் வாசி” என்கிறார், பாலுக்கு வழியில்லாமல் கடையை மூடிவிடுவாரோ என்று எனக்குப் பயமாயிருக்கிறது. அகராதியில் வேறு சொல் தேடினேன். ‘தள்ளுபடி’ என்றேன்; பக்கத்து வீட்டுக் கனகலட்சுமி அத்தை, “கிலோ எம்புட்டுக்குத் தாராக?” என்றார். ‘சலுகை’ என்றேன்; ரேஷன் கார்டு வேணுமா என்று கேட்டார்.

எனக்கே சில சந்தேகங்கள் இருக்கின்றன. என் வகுப்பு இந்துப்ரியாவுக்குக் காலில் மாவுக்கட்டு. ஷூவிலிருந்து விலக்கு உண்டு, பரீட்சையிலிருந்து இல்லை. இதுவும் அப்படித்தானா? நிபந்தனையைத் தளர்த்தினாலும் ஆபத்தில்லை என்று நிலையமே கணக்குப் போட்டால், அதை யார் திருத்துவார்? தற்காலிகம் என்பது எத்தனை வருடம்? “சரி, நம்ம விலக்கு இல்லேன்னா கடைசில எந்த விலக்குலதான் எறக்குவாக?” என்கிறார் சின்னான் அண்ணன். அதற்கும் சேர்த்துப் பதில் எழுதுங்கள்.

ஆகவே, நம் ஊரில் எதையும் இறக்கவில்லை என்று தாங்கள் கையெழுத்திட்டு ஒரு கடிதம் அனுப்பினால் கடைச்சுவரில் ஒட்டிவிடுவோம். சித்திக்கு என் அன்பு, தம்பிக்கு ஒரு முத்தம், எனக்குத் தங்கள் ஆசீர்.

ஐரின்

பி.கு.: அந்தக் கடிதத்தை அனுப்ப வேண்டாம். இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் மேலூரிலிருந்தும் மாட்டுத்தாவணியிலிருந்தும் அணுவைப் பார்க்க வண்டி வண்டியாக ஆட்கள் வந்துவிட்டார்கள். மதியத்துக்குள் வடை தீர்ந்துபோகிறது. “ஒஞ் சித்தப்பாவுக்கு ஆயிரம் சோலி இருக்கும், தொந்தரவு பண்ணாத தாயி” என்கிறார் அப்பா. என் கேள்விகளுக்கு மட்டும் பள்ளி முகவரிக்குப் பதில் போடுங்கள். கடைக்கு வரும் தபாலை இப்போது அப்பாதான் முதலில் பிரிக்கிறார்.