நாற்பது நிமிட வீடியோவும் நாற்காலியில் ஒரு பையும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளுக்கு அடுத்தபடியான மகத்தான நாள், ஆந்திரத்து நகரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தமிழ் மீடியம் உயர்நிலைப் பள்ளியில் ‘வகுப்பறை வீடியோ ஆய்வுக் குழு’ கூடிய சென்ற வியாழக்கிழமைதான். ஐந்து பேர் கொண்ட அந்தக் குழுவின் செயலாளர் அடியேன். பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியரும் அடியேனே.

மாணவர்கள் வகுப்பில் வீடியோ எடுக்கலாமா என்பதை ‘நடுநிலையோடு’ ஆராய்வது எங்கள் கடமை. தலைமை ஆசிரியர் ஆதிகேசவன் காலத்தின் அருமை தெரிந்தவர். ஆராய்ச்சிக்கு முன்தினமே தீர்ப்பை டைப் அடித்து வைத்துவிட்டார்.

குற்றவாளி, பத்தாம் வகுப்பு தேன்மொழி. அவள் சிநேகிதி காஞ்சனா நாள் விட்டு நாள் விசைத்தறிக்கு வேலைக்குப் போகிறவள். அவள் வராத நாளில் தேன்மொழி வகுப்பைச் செல்போனில் எடுத்து அனுப்பியிருக்கிறாள். பாடம் நடக்கும்போது படம் பிடித்தால் டி.சி. என்பது பள்ளி விதி. பரீட்சைக்கோ இன்னும் ஆறே வாரம். இப்போது டி.சி. கொடுத்தால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு.

“எதுக்கும்மா எடுத்த?” என்றார் தலைமை ஆசிரியர்.

“தறி சத்தத்துல இயர்போன் மாட்டிக்கினு பார்ப்பா சார். பாஸ் ஆவலன்னா அவ நைனா கட்டிக் குடுத்துடுவாரு.”

ஆதாரத்தைப் பார்க்காமல் தண்டிப்பது அநீதி அல்லவா? வீடியோவை ஓடவிட்டோம். நாற்பது நிமிடம். கரும்பலகை, நாற்காலி, நாற்காலியில் ஒரு பை. நாற்காலியில் பை இருந்தால் ஆசிரியர் ‘இருக்கிறார்’ என்று பொருள்; இது எங்கள் பள்ளியின் முப்பது வருட மரபு. பை என்னுடையது. பையின் சொந்தக்காரர் வந்துவிடுவார் என்று நம்பிக் கடைசிவரை எடுத்திருக்கிறாள் தேன்மொழி. நான் அப்போது புத்தூர் ரோட்டில் ஒரு பார்ட்டிக்கு மனை காட்டிக்கொண்டிருந்தேன். என் பை மிகக் கண்ணியமாக நடந்துகொண்டது. ஒரு பிள்ளையைக்கூட அடிக்கவில்லை.

“இதுல பாடமே காணோமே சார்! அப்புறம் எப்டி டி.சி. குடுக்கறது?” என்றார் அறிவியல் ஆசிரியை ரேஷ்மா.

“சரே மேடம். பாடம் நடந்திச்சுன்னு தீர்மானம் போட்டுட்டா முடிஞ்சிது” என்றார் தலைமை ஆசிரியர்.

நான் முதலில் கை தூக்கினேன். ரேஷ்மா மேடம் கடைசியில் தூக்கினார். இப்படியொரு ஒற்றுமையை எங்கள் சங்கக் கூட்டத்தில்கூட நான் கண்டதில்லை. ‘பாடம் சிறப்பாக நடைபெற்றது’ என்று எழுதி, ஐவரும் கையெழுத்திட்டோம்.

தேன்மொழி அழவில்லை. டி.சி.யை வாங்கி நோட்டுக்குள் வைத்தாள். அதே நோட்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திருப்பிப் பேனாவை எடுத்தாள்.

“அன்னிக்கு இன்னா பாடம் நடந்திச்சு சார்? சொன்னீங்கன்னா எழுதிக்கினு போயி காஞ்சனாகிட்ட குடுக்கறேன். அவளாவது பாஸ் ஆவட்டும்.”

குழு என்னைப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதை நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கவில்லை. நான் பையைப் பார்த்தேன். அன்று வகுப்பில் இருந்தது அதுதானே.