மேற்படி காரின் அசல் நிறம்

பல் டாக்டரிடம் அறுபது வயதுக் கார் ஒன்று இருந்தது. மாமனார் விட்டுப்போனது. என்ஜின் சொன்ன பேச்சு கேட்டது. உடம்புதான் முழுக்கத் துருவேறிக் கிடந்தது. தலைமையாசிரியையான அவர் மனைவி மூன்று மாதத்தில் ஓய்வுபெற இருந்தார். கடைசி நாளன்று அப்பா காரில், அதுவும் அப்பா வைத்திருந்த அதே வான நீலத்தில், வீடு திரும்ப வேண்டும் என்பது அந்த அம்மாளின் ஆசை.

"முப்பது வருஷத்துல உங்ககிட்ட வேற என்ன கேட்டிருக்கேன்?" என்றார். பட்டியலை நினைவூட்ட டாக்டருக்குத் துணிவில்லை.

ஐம்பது வயது தாண்டிய காருக்கு வர்ணம் பூச, தொன்மை வாகன அலுவலகத்தின் அனுமதி வேண்டும். டாக்டர் போனார். மேற்பார்வையாளர் மனுவை வாங்கிக்கொண்டு தலைநிமிராமல் கேட்டார்.

"என்ன கலர்?"

"வான நீலம் சார்."

"எந்த நேரத்து வானம்?"

டாக்டர் விழித்தார். "காலையில பத்து மணின்னு வச்சுக்கலாமா?"

"பத்து மணிக்கு நாங்க உள்ளே வந்துடுவோம். வானத்தை யார் பார்க்கிறது? பதினொன்றரைன்னு போடுங்க. டீ குடிக்க எல்லாரும் வெளியே போவோம், பார்த்துடலாம்."

டாக்டர் அப்படியே எழுதிக்கொடுத்தார். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'ஆய்வு நாளன்று பதினொன்றரை மணிக்கு மேகமூட்டம் நிலவியமையால், மனுதாரர் கோரும் நிறம் நடைமுறையில் இல்லை எனத் தெரிவிக்கலாகிறது. மேற்படி காரின் அசல் நிறத்தையே பூசவும்.'

அசல் நிறத்தைக் கண்டறிய ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். காரை விரலால் தடவினார், விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், 'செம்பழுப்பு' என்று எழுதினார்.

"ஐயோ சார், அது துரு!"

"காரணம் கேட்கலை டாக்டர். நிறம் மட்டும்தான் கேட்டிருக்காங்க."

"கொஞ்சம் சுரண்டிப் பாருங்க, உள்ளே நீலம் இருக்கும்."

"சுரண்டினா தொன்மைச் சேதம். ஜெயிலுக்கு வழி கேக்குறீங்க."

ஆக, செம்பழுப்புக்கு அனுமதி வந்ததும் துருவை முழுக்க நீக்கி, காருக்குத் துரு நிறம் பூசப்பட்டது. பெயின்டர் ஒன்பது நாள் உயிரை விட்டு உழைத்தார். வேலை முடிந்தபோது கார் வேலைக்கு முன்பு இருந்தது போலவே இருந்தது.

கடைசி நாள். பள்ளி வாசலில் காரைப் பார்த்ததும் தலைமையாசிரியையின் முகம் தொங்கிப்போனது. "அப்போ பெயின்டே அடிக்கலையா?"

டாக்டர் தொன்மை வாகன அலுவலகம் தந்த சான்றிதழை நீட்டினார். 'அங்கீகரிக்கப்பட்ட தொன்மைத் துரு.' கீழே கையெழுத்து, முத்திரை.

பக்கத்தில் நின்ற கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்தார். "சர்ட்டிபிகேட்டோடயா! எங்க கார்ல வெறும் கலர்தான் மேடம்."

அம்மாளின் முகம் மெல்ல நிமிர்ந்தது. காரில் ஏறி, ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தெருவே பார்க்க வீடு வந்து சேர்ந்தார்.

இரண்டே மாதத்தில் ஊர் துருவுக்கு மாறியது. ஷோரூமிலிருந்து வந்த புதுக் கார்கள் நேராகப் பெயின்டரிடம் போயின. மழைத் துரு, கடல் துரு, இளந்துரு என்று வகை கேட்டார்கள். நிஜமாகவே துருப்பிடித்த கார் வைத்திருந்தவர்கள், சான்றிதழ் இல்லாததால், சந்துகளில் ஒளித்து ஓட்டினார்கள்.

அந்தச் சமயம் பார்த்து எதிர்வீட்டுக்காரர் பளபளவென்று வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். தலைமையாசிரியை ஜன்னலை அடித்துச் சாத்தினார்.

"தெருவுக்கே அசிங்கம். ஒரு புகார் எழுதிப் போடுங்க."

"காலையிலேயே எழுதிட்டேன்," என்றார் டாக்டர். "தெருவுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீ ஒருத்திதான் பாக்கி."