நாற்பத்தெட்டுச் சிப்பாய்களும் இல்லாத மருமகனும்

சிவப்பா, சாம்பலா? மூன்று நாளாக வலன்ரைனுக்குச் சோறு இறங்கவில்லை.

நாட்டில் நடந்துகொண்டிருந்த சண்டையைப் பற்றி எல்லோருக்கும் இருந்த அளவு கவலை அவருக்கும் இருந்தது. ஆனால் அவரை உயிரோடு தின்றது 1689ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் ஒரு மலைக்கணவாயில் நடந்த சண்டைதான். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், கொட்டாஞ்சேனை மாடிவீட்டில் உட்கார்ந்து விரல் நீள ஈயச் சிப்பாய்களுக்குப் பெயின்ற் அடிப்பார். பிறகு அவற்றை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய், நமசிவாயம் மாஸ்டரின் சாப்பாட்டு மேசையில் அவரோடு போர் நடத்துவார். இந்த வருடம் நடந்த இரண்டு போரிலும் தோல்வி. மூன்றாவது வரும் ஞாயிற்றுக்கிழமை.

மாஸ்டரின் சட்டம் கொடியது. உடுப்புப் பிழையான சிப்பாய் மேசையில் ஏறக்கூடாது. போன முறை பொத்தான் நிறம் சரியில்லையென்று முப்பது பேரைப் போர் தொடங்குமுன்பே ஊருக்கு அனுப்பிவிட்டார். இந்த முறை நாற்பத்தெட்டுப் பேருக்குக் கோட்டு வேண்டும். ஒரு புத்தகம் சாம்பல் என்றது. இன்னொன்று சிவப்பு என்றது. மூன்றாவது புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.

“ரெண்டும் வேணாம், வெள்ளை அடிங்க” என்றாள் மனைவி மேபல். “மாதா கோயில்ல முதல் நன்மை எடுக்கப் போற பிள்ளைகள் மாதிரி வடிவா இருக்கும்.”

“மேபல், இது சரித்திரம்!”

“அறுபத்திரண்டு வயசில பொம்மைக்கு உடுப்புப் போடுற மனுசன். வெளியில சொல்லிராதீங்க, என்ட மானம் போகும்.”

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. வாசலில் ஒரு சிங்களக் கொன்ஸ்டபிள், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“மாத்தயா, சின்ன ஆமிக்காரங்க இருக்கிற வீடு இதுதானா?”

யார் காட்டிக் கொடுத்தது? வலன்ரைனின் மூளை ஒரே நொடியில் கொட்டாஞ்சேனை முழுவதையும், பங்குச் சுவாமியார் உட்பட, சந்தேகித்து முடித்தது.

“என்ட இல்ல! என்ட தங்கச்சிட மகன்ட!”

அந்த வருடங்களில் கொழும்புத் தமிழன் பொலிசுக்குச் சொல்லக்கூடிய பொய்கள் பத்தாயிரம் இருந்தன. அவற்றில் ஆகக் கேடுகெட்டதை வலன்ரைன் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டார். வீட்டில் யார் தங்கினாலும் பெயரைப் பொலிசில் பதிய வேண்டும். அவர் வீட்டுப் பதிவில் இரண்டே பேர்தான்.

“அது இல்ல மாத்தயா, நான் வந்தது...” என்று கொன்ஸ்டபிள் தொடங்கினார்.

அதற்குள் வலன்ரைனின் அலறல் கேட்டு, கீழே ஜீப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் மூன்று மாடியையும் மூன்றே தாவலில் ஏறி வந்துவிட்டார். மட்டக்களப்பில் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாகவே தெரியும்.

“மருமகனா? எத்தனை வயசு?”

“இருபத்திரண்டு” என்று வாய் சொல்லிவிட்டது. மேபல் நெஞ்சில் சிலுவை போட்டாள். “இல்ல சேர், பன்னிரண்டு. இல்ல, அஞ்சு!”

அரை நிமிடத்தில் பதினேழு வருடம் இளமையாகிவிட்ட அந்த மருமகனைத் தேடிக் கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். கிடைத்தது ஒரு கொப்பி. இன்ஸ்பெக்டர் அதை உரக்க வாசித்தார்.

“இடப்பக்கம் அறுபது பேர். பாலத்துக்குப் பின்னால் குதிரைப்படை. விடிந்ததும் தாக்குதல். அஞ்சு வயசுப் பிள்ளையா எழுதினது?”

“கெட்டிக்காரன் சேர்” என்றார் வலன்ரைன்.

சிப்பாய்களைச் சப்பாத்துப் பெட்டியில் போட்டு, வலன்ரைனை ஜீப்பில் போட்டு, பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். மேபலும் அவருடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு கூடவே ஏறினாள். அங்கே போன பிறகுதான் அவருக்கு உண்மை சொல்லும் யோசனை வந்தது.

“சேர், மருமகனே இல்ல. எல்லாம் என்ட. முந்நூறு வருசத்துக்கு முந்தின ஸ்கொட்லாந்து ஆமி. மேபல், அந்த ஃபைலைக் காட்டு!”

மேபல் காட்டினாள். மேலேயே இருந்தது, அவர் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பழம்பொருள் வைத்திருக்கும் நூதனசாலை ஒன்றுக்கு எழுதிய கடிதத்தின் பிரதி. உங்கள் படையில் ஒரு கொம்பனிக்கு எத்தனை பேர்? துவக்கை மறுபடி நிரப்ப எவ்வளவு நேரம்? வெடிமருந்தை எங்கே வைப்பீர்கள்?

“வெளிநாட்டுத் தொடர்பும் இருக்கு” என்றார் இன்ஸ்பெக்டர், திருப்தியோடு.

“சேர்...” என்றார் கொன்ஸ்டபிள்.

“நீ பொறு.”

“வெள்ளவத்தை நமசிவாயம் மாஸ்டரைக் கேளுங்க சேர்! அவர்தான் எதிரிப்படைத் தளபதி!” என்று கதறினார் வலன்ரைன்.

வாய் தவறி வந்த அந்தப் பதவி இன்ஸ்பெக்டரின் புருவத்தைத் தலைமயிர்வரை ஏற்றியது. உடனே நம்பரைச் சுழற்றினார். மாஸ்டரின் குரல் அறை முழுவதும் கேட்டது.

“பொலிசோ? வலன்ரைனோ? அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாது. நான் வாத்தியாராப் பென்சன் எடுத்தனான். சண்டை எண்டால் என்னெண்டே எனக்குத் தெரியாது. வைக்கிறன்.”

வைத்துவிட்டார். வலன்ரைனின் கண்ணில் நீர் வந்தது. இருபது வருட எதிரி!

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கடைசியா ஒரு சான்ஸ். பெயின்ற் அடிக்கிறது நீங்கதான் எண்டால், இப்ப என் முன்னால ஒரு சிப்பாய்க்கு அடிங்க. சரியா அடிச்சா வீட்டுக்குப் போகலாம். இல்லாட்டி மருமகன் வருமட்டும் உள்ளே.”

மேபல் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பெயின்றும் தூரிகையும் கொண்டுவந்தாள். வலன்ரைன் சிவப்பைத் தொட்டார். துடைத்துவிட்டுச் சாம்பலைத் தொட்டார். மறுபடி துடைத்தார். நிலையத்தில் இருந்த பதினோரு பொலிஸ்காரரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

“என்ன, நிறம் தெரியாதா?”

“சேர்” என்றார் வலன்ரைன், மறியலில் அடைத்தாலும் சரித்திரத்துக்குத் துரோகம் செய்யாத மனிதர், “ஆதாரம் போதாது.”

“ஏதாவது ஒன்றை அடியுங்களேன், மாதாவே!” என்று மேபல் அழுதாள்.

“பிழையா அடிக்கேலாது மேபல்.”

“லொக்கப்பைத் திற” என்றார் இன்ஸ்பெக்டர்.

சாவியோடு முன்னே வந்த கொன்ஸ்டபிள் அதற்குமேல் பொறுக்க முடியாமல் கால்சட்டைப் பையில் கைவிட்டார். ஒரு பக்கம் சிவப்பும் மறு பக்கம் சாம்பலுமாக, நாற்பத்தொன்பதாவது ஈயச் சிப்பாய் ஒருவன் மேசையில் ஏறி நின்றான்.

“சேர், இவர் இவங்கட பல்கனியில இருந்து என்ட தொப்பியில விழுந்தார். இவரைக் குடுத்திட்டு, தொப்பியில பட்ட பெயின்ற் என்னத்தால போகும் எண்டு கேக்கத்தான் சேர் நான் கதவைத் தட்டினது.”